மசாலா பிராண்டுக்கு டிரேட்மார்க்: யார் பெயரில் போடுவது, எத்தனை வகுப்பு, மொரீஷியஸுக்கு அனுப்ப என்ன செய்வது?

மிளகாய்வண்டி
ஃபீனிக்ஸ், டர்பன்

வணக்கம். சட்டம் தெரிந்தவர்களிடம் சில கேள்விகள்.

தொண்ணூறுகளில் அப்பா தன் பெயரில், கம்பெனி எதுவும் இல்லாமல், தொடங்கிய மசாலாத் தொழில் இது. அப்பா காலமான பிறகு நான் பிரைவேட் கம்பெனி பதிந்து நடத்துகிறேன். பிராண்டு பெயரும் கம்பெனி பெயரும் ஒன்றே. சாட்ஸ்வொர்த்தில் சித்தப்பா மகனும் அதே பெயரில் கடை வைத்திருக்கிறார். சண்டை ஒன்றும் இல்லை, ஆனால் எழுத்தில் எதுவுமே கிடையாது.

இப்போது ஒரு சூப்பர்மார்க்கெட் சரக்கு கேட்கிறது. அவர்கள் தந்த படிவத்தில் டிரேட்மார்க் எண் கேட்டிருக்கிறார்கள். விற்பவை: கறி மசாலா, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மாங்காய் ஊறுகாய், சட்னி, கொஞ்சம் ஊதுபத்தி. லேபிளில் பெயர் ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்கிறது. லேபிளை வெளியில் ஒரு டிசைனரிடம் காசு கொடுத்து வரைந்து வாங்கினோம்.

1. கம்பெனி பெயர் சிஐபிசியில் (கம்பெனிகளையும் அறிவுச்சொத்தையும் பதியும் அரசு ஆணையம்) பதிவாகியிருக்கிறது. அதுவே போதாதா?
2. போதாது என்றால் எத்தனை விண்ணப்பம், எவ்வளவு செலவு?
3. எங்கள் வகைகளில் ஒன்று ‘மதர்-இன்-லா’ மசாலா. அந்தப் பெயரையும் பதிய முடியுமா?
4. மொரீஷியஸிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது, ரீயூனியனிலிருந்தும் விசாரிக்கிறார்கள். இங்கே பதிந்தால் அங்கே செல்லுமா?

––––––––––

கோப்புக்காரர்
பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு: போதாது. இரண்டு பதிவேடுகளையும் வைத்திருப்பது சிஐபிசிதான், ஆனால் அவை தனித்தனி. கம்பெனி பெயர் 2008-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதே பெயரில் இன்னொருவர் கம்பெனி தொடங்குவதைத்தான் அது தடுக்கும். பக்கத்துக் கடைக்காரர் அந்தப் பெயரைப் பாக்கெட்டில் அச்சடித்து விற்பதைத் தடுக்க 1993-ஆம் ஆண்டின் 194-ஆம் எண் டிரேட்மார்க் சட்டத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டாலும் ‘பாசிங் ஆஃப்’ வழக்கு, அதாவது தன் சரக்கை உங்களுடையது போல் காட்டி விற்கிறார் என்ற வழக்கு, போடலாம். ஆனால் சந்தையில் உங்கள் பெயருக்கு நற்பெயர் உண்டு, எதிராளி செய்வதால் வாங்குபவர்கள் ஏமாறுவார்கள் என்று ஒவ்வொன்றையும் சாட்சியோடு நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். பதிவுச் சான்றிதழ் இருந்தால் அந்தச் சுமையில் பெரும்பகுதி இறங்கிவிடும்.

செலவுக்குப் போவதற்கு முன் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்: இந்தப் பெயர் இன்றைக்கு யாருடையது?

அப்பா தனி ஆளாக நடத்தினார். அப்படியானால் பிராண்டும் அதன் நற்பெயரும் அவருடைய சொத்து. அவர் காலமானதும் அது எஸ்டேட்டுக்குள், அதாவது அவர் விட்டுச்சென்ற சொத்துத் தொகுப்புக்குள், போய்விட்டது. நீங்கள் கம்பெனி பதிந்ததால் அது தானாகக் கம்பெனிக்கு வந்துவிடவில்லை. சட்டத்தின் 10(3)-ஆம் பிரிவு, நேர்மையான உரிமைக் கோரிக்கை இல்லாத விண்ணப்பதாரர் பெயரில் குறியைப் பதியக்கூடாது என்கிறது. பதிந்துவிட்டாலும் பின்னால் நீக்கக் கேட்கலாம். குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வந்தால் எதிராளியின் வக்கீல் முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான். விண்ணப்பத்தில் எத்தனை எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்திக்கொள்ளலாம், உரிமையாளரைத் தவறாகப் போட்டால் அடித்தளமே ஆட்டம் காணும்.

இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் மாஸ்டர் ஆஃப் த ஹைகோர்ட் அலுவலகத்தில் அப்பாவின் எஸ்டேட் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். 2,50,000 ரேண்டுக்குள் அடங்கிய எஸ்டேட் என்றால் எக்ஸிக்யூட்டர் (சொத்தைப் பங்கிடும் நிர்வாகி) நியமனம் இல்லாமல் ‘லெட்டர்ஸ் ஆஃப் அத்தாரிட்டி’ என்ற அதிகாரக் கடிதம் மட்டும் கொடுத்திருப்பார்கள். அதற்கு மேல் என்றால் எக்ஸிக்யூட்டரும், சொத்துப் பங்கீட்டுக் கணக்கும் இருக்கும். தொழில் யாருக்குப் போனது என்று அந்தக் கணக்கில் பாருங்கள். பல கோப்புகளில் கடைச் சரக்கு, வேன், அரைவை மெஷின் எல்லாம் இருக்கும், பெயரையும் நற்பெயரையும் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அப்படியிருந்தால் அம்மாவும் மற்ற வாரிசுகளும் எக்ஸிக்யூட்டரும் சேர்ந்து, ‘இந்தக் குறியும் இதன் நற்பெயரும் இன்ன கம்பெனிக்கு மாற்றித் தரப்படுகின்றன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அசைன்மென்ட் (உரிமை மாற்ற) பத்திரம் வேண்டும். வாய்வார்த்தை உதவாது. பத்திரத்தின் தேதி விண்ணப்பத் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

கூடவே ஒரு ஆதாரக் கோப்பு தொடங்குங்கள்: பழைய இன்வாய்ஸ், அச்சகத்தின் பில், தேதியுள்ள விளம்பரம், பழைய பாக்கெட்டுகள், மாநகராட்சி வியாபார லைசென்ஸ். பெயர் எந்த ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது என்பதற்கு இவைதான் சாட்சி.

இனி வகுப்புகள், அதாவது டிரேட்மார்க் பதிவில் பொருள்களைப் பிரிக்கும் எண்ணிட்ட பிரிவுகள். தென்னாப்பிரிக்காவில் ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புதான். மசாலா, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சட்னி எல்லாம் 30-ஆம் வகுப்பு. ஊறுகாய் 29. இந்த இரண்டையும் ஒன்றாக்கி 30-இல் மட்டும் போட்டுவிட்டு ஊறுகாயை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஊதுபத்தி 3. உங்கள் பெயரில் கடையே நடத்தினால் சில்லறை விற்பனைச் சேவைக்கு 35-உம் யோசிக்கலாம். அரசுக் கட்டணம் வகுப்புக்கு 590 ரேண்ட். சொல்லாக மட்டும் 3, 29, 30 என்றால் 1,770. லோகோவைத் தனியாகவும் போட்டால் 3,540. தாக்கல் செய்யும் நாளில் சிஐபிசி தளத்தில் கட்டணத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வக்கீல் கட்டணம் இதில் சேராது. தென்னாப்பிரிக்க முகவரி உள்ளவர் வக்கீல் இல்லாமலே தாக்கல் செய்யலாம், ஆனால் எதிர்ப்பு வந்தால் தனியாகச் சமாளிப்பது கடினம்.

பணம் குறைவாக இருந்தால் என் யோசனை: முதலில் சொல்லை மட்டும் 29, 30 இரண்டிலும் போடுங்கள். லோகோ மாறும், லேபிள் மாறும், சொல் நிற்கும். லோகோ போடும்போது நிறத்தைக் கோராமல் கறுப்பு-வெள்ளையில் போடுங்கள். இல்லாவிட்டால் உரிமை அந்த நிறத்துக்குள் சுருங்கிவிடும்.

தாக்கலுக்கு முன் தேடல். இதில் நம் பெயர்களுக்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்த நாட்டில் தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒரே முறை கிடையாது. லட்சுமி என்ற பெயரை மட்டும் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். இரண்டு குறிகள் குழப்பமா என்பதை ஒலி, பொருள், தோற்றம் மூன்றாலும் பார்க்க வேண்டும் என்று 1984-இல் பிளாஸ்கான்-எவன்ஸ் வழக்கில் அன்றைய உச்ச நீதிமன்ற மேல்முறையீட்டுப் பிரிவு சொன்னது இன்றும் செல்லும். ஆகவே எழுத்து வேறாக இருந்தாலும் காதுக்கு ஒன்றாகக் கேட்டால் அது மோதல்தான். எல்லா எழுத்து வடிவங்களையும் போட்டுத் தேடுங்கள். குடும்பப் பெயர்தான் பிராண்டு என்றால் இன்னொரு இடைஞ்சல்: கோவேந்தர், நாயுடு, பிள்ளை, செட்டி போன்றவை ஆயிரக்கணக்கானவர்களுடைய பெயர்கள். வெறுமனே அதைப் பதிவது கடினம், பதிந்தாலும் 34(2)(a) பிரிவின்படி ஒருவர் தன் சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதை நிறுத்த முடியாது.

தமிழ் எழுத்து குறியில் இருந்தால் ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் விண்ணப்பத்தில் தர வேண்டும். அரசியலமைப்பின் 6(5) பிரிவில் தமிழ் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பது நமக்குப் பெருமைதான், ஆனால் அது ஆட்சிமொழிப் பட்டியலில் இல்லை, அதனால் இந்த வேலையை நாமே செய்து கொடுக்க வேண்டும்.

‘மதர்-இன்-லா’ வேண்டாம். விக்டோரியா தெரு மார்க்கெட்டில் எந்த மசாலாக் கடையிலும் அந்தப் பெயரில் ஒரு கும்பாரம் இருக்கும். தொழிலில் எல்லோரும் வழக்கமாகச் சொல்வதை 10(2)(c) தடுக்கிறது. ‘டர்பன் கறி பவுடர்’ என்பதும் அப்படியே, இடத்தையும் பொருளையும் சொல்கிறதே தவிர யாருடையது என்று சொல்லவில்லை, 10(2)(b)-யில் அடிபடும். உங்கள் பிராண்டைப் பெரிதாகப் போட்டு அதன் கீழே ‘மதர்-இன்-லா’ என்று வகைப்பெயராக எழுதுங்கள். அதை எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நடைமுறை இதுதான். சிஐபிசியில் கஸ்டமர் கோடு எடுத்து, அந்தக் கோட்டையே குறிப்பாகப் போட்டுப் பணம் செலுத்தி, ஐபி ஆன்லைனில் தாக்கல் செய்யுங்கள். அன்றே எண் கிடைக்கும். பரிசோதனைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பதிவாளர் நிபந்தனை போடலாம். ‘மசாலா’ என்ற சொல்லுக்குத் தனி உரிமை கோரவில்லை என்று எழுதித் தரச் சொல்வது சாதாரணம், ஒப்புக்கொள்ளுங்கள். கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் கெடு தாண்டினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். சொந்தமாகத் தாக்கல் செய்தவர்கள் பலர் தோற்பது இங்கேதான், பழைய மின்னஞ்சலுக்குக் கடிதம் போயிருக்கும். ஏற்பு வந்ததும் பேட்டன்ட் ஜர்னல் என்ற அதிகாரபூர்வ இதழில் விளம்பரம், அதிலிருந்து 3 மாதம் இதில் நலன் உள்ள எவரும் எதிர்க்கலாம். யாரும் எதிர்க்காவிட்டால் சான்றிதழ். தடங்கல் இல்லாத விண்ணப்பத்துக்கே ஒன்றரை, இரண்டு வருடம் என்று கணக்கு வையுங்கள். ஆனால் உரிமை தாக்கல் தேதியிலிருந்தே எண்ணப்படும், 10 வருடம், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

விளம்பரம் வந்ததும் அரசாங்கக் கடிதம் போலவே தோற்றமுள்ள பில்கள் வரும், ‘பதிவேட்டில் சேர்க்கக் கட்டணம்’ என்று. சிஐபிசி கணக்குக்கு அல்லாத எந்தப் பில்லுக்கும் பணம் கட்டாதீர்கள்.

––––––––––

அச்சுமை
லெனேசியா, ஜோஹானஸ்பர்க்

கோப்புக்காரர் அண்ணா சொன்னதோடு லேபிளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பெரிய ஓட்டை இருக்கிறது.

காசு கொடுத்து வரைந்து வாங்கினால் வரைந்தது நமக்குச் சொந்தம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 21-ஆம் பிரிவில், ஆர்டர் கொடுத்தவருக்கே உரிமை என்ற விதிவிலக்கு புகைப்படம், உருவப்படம், சினிமா, ஒலிப்பதிவு போன்ற சிலவற்றுக்குத்தான். லோகோ, லேபிள் ஓவியம் அதில் இல்லை. சம்பளத்தில் இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக வரைந்தால் முதலாளிக்கு, வெளியாள் வரைந்தால் வெளியாளுக்கு. ஆக உங்கள் பாக்கெட்டின் முகப்பு சட்டப்படி இன்றும் அந்த டிசைனருடையது. பயன்படுத்த உங்களுக்கு மறைமுகமான அனுமதி உண்டு, அவ்வளவுதான். மாற்றி வரையவோ இன்னொருவர் காப்பியடித்தால் பதிப்புரிமையின் பேரில் வழக்குப் போடவோ அந்த அனுமதி பத்தாது.

தீர்வு எளிது. 22(3) பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே பக்கம் போதும்: எந்த ஓவியங்கள் (பிரதியை இணையுங்கள்), பதிப்புரிமை முழுவதும் எல்லா நாடுகளுக்கும் கம்பெனிக்கு மாற்றப்படுகிறது, கொடுத்த தொகை, தேதி, கையெழுத்து. மூலக் கோப்புகளையும் எழுத்துருவின் லைசென்ஸையும் அப்போதே கேளுங்கள். தமிழ் எழுத்துருக்களில் பல சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம், பாக்கெட்டில் அச்சடித்து விற்கத் தனி லைசென்ஸ் வேண்டும். இதைச் சூப்பர்மார்க்கெட் ஒப்பந்தத்துக்கு முன் செய்துவிடுங்கள். வியாபாரம் பெரிதான பிறகு கேட்டால் விலையும் பெரிதாகும். டிசைனரோடு நல்ல உறவு இருக்கும்போது கேட்பதுதான் இரண்டு பேருக்கும் மரியாதை.

ஏஐ கருவியில் புது லோகோ போடலாமா என்று இப்போது நிறையப் பேர் யோசிக்கிறார்கள். டிரேட்மார்க் பதிய, யார் வரைந்தது என்பது கேள்வியே இல்லை, வேறுபடுத்திக் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி. பதிப்புரிமையில், கணினி உருவாக்கிய படைப்புக்கு அதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரே ஆசிரியர் என்று நம் சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. பல நாடுகளில் இந்த வசதி கிடையாது. ஆனால் அந்தப் படைப்பு அசலானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது. இன்னொருவருடைய குறியைப் போல ஏஐ வரைந்து கொடுத்தால் பொறுப்பு உங்களுடையதுதான். கேட்ட வாசகங்களையும் நீங்கள் செய்த திருத்தங்களையும் தேதியோடு சேமித்து வையுங்கள். தென்னாப்பிரிக்கா 2021-இல் டாபஸ் என்ற ஏஐ-யைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிய பேட்டன்ட்டைக் கொடுத்தது என்ற செய்தியை வைத்து இங்கே எதுவும் நடக்கும் என்று நம்பாதீர்கள். இங்கே பேட்டன்ட்டுக்கு உள்ளடக்கப் பரிசோதனை கிடையாது, படிவம் சரியாக இருந்தால் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பேட்டன்ட் வந்த வழி அதுதான்.

புதிய பதிப்புரிமைத் திருத்த மசோதாவைக் காத்திருந்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றிய அதைக் குடியரசுத் தலைவர் 2024 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். எந்தச் சட்டம் வந்தாலும் கையெழுத்துப் போட்ட பத்திரம் கையில் இருப்பவருக்கே நல்லது.

மசாலாக் கலவை அளவுகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பதிப்புரிமை எழுதிவைத்த தாளைக் காக்கும், கலவையைக் காக்காது. அது தொழில் ரகசியமாகத்தான் நிற்கும், ரகசியமாக வைத்திருக்கும் வரை மட்டும். வறுப்பவருக்கு ஒரு பகுதி, கலப்பவருக்கு ஒரு பகுதி என்று பிரித்துக் கொடுங்கள். வேலைக்குச் சேரும்போதே ரகசிய ஒப்பந்தமும் நியாயமான காலமும் இடமும் குறித்த தொழில்தடை ஒப்பந்தமும் கையெழுத்தாகட்டும். 1984 மாக்னா அல்லாய்ஸ் தீர்ப்புக்குப் பிறகு தொழில்தடை ஒப்பந்தம் செல்லும் என்பதே தொடக்க நிலை, நியாயமற்றது என்று காட்ட வேண்டியவர் தொழிலாளி. ஆனால் நாடு முழுக்க ஐந்து வருடம் என்று எழுதினால் நீதிமன்றத்தில் நிற்காது. சூப்பர்மார்க்கெட் கலவை அளவு கேட்டால், லேபிளில் சட்டப்படி போட வேண்டிய பொருள்பட்டியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

––––––––––

மிளகாய்வண்டி

இருவருக்கும் மிக்க நன்றி. எஸ்டேட் விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. இன்னும் மூன்று சந்தேகம்.

சித்தப்பா மகன் கையெழுத்துப் போடத் தயார். அவரிடம் என்ன எழுதி வாங்க வேண்டும்? அவரை வெளியே தள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.

வட்டத்துக்குள் ஆர் குறியை எப்போது அச்சடிக்கலாம்?

கடையில் சென்னையிலிருந்து வரும் ஒரு பெருங்காய பிராண்டையும் விற்கிறேன், துபாய் மொத்த வியாபாரி வழியாக வாங்கியது, அசல் சரக்கு. இங்கே அதற்கு ஒரே ஏஜென்ட் தாம்தான் என்று ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அசல் சரக்கை விற்பது தவறா?

––––––––––

துறைமுகம்
டர்பன்

அண்ணா, பெருங்காயத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

அசல் சரக்கை வேறு வழியாக இறக்குமதி செய்வது டிரேட்மார்க் மீறல் அல்ல. உரிமையாளரே அல்லது அவர் சம்மதத்தோடு குறி பதித்த சரக்கை இறக்குமதி செய்து விற்பதை டிரேட்மார்க் சட்டத்தின் 34(2)(d) வெளிப்படையாக அனுமதிக்கிறது. மொத்த மூட்டையை உடைத்து நீங்களே சின்ன டப்பாவில் அடைத்து அவர்கள் பெயரை ஒட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், ஏனென்றால் அப்போது குறியைப் பதித்தது நீங்கள்.

ஆனால் நோட்டீஸைக் கவனமாகப் படியுங்கள். அதில் டிரேட்மார்க் என்று எழுதியிருக்கிறதா, பதிப்புரிமை என்று எழுதியிருக்கிறதா? இந்த வித்தியாசம் டர்பன் வியாபாரிகளுக்கு ரொம்பப் பழையது. 1993-இல் முடிந்த ஃபிராங்க் அண்ட் ஹிர்ஷ் வழக்கு டிடிகே ஒலிநாடாக்களைப் பற்றியது. ஏஜென்ட், பாக்கெட் உறையின் ஓவியத்துக்கும் எழுத்துக்கும் தென்னாப்பிரிக்கப் பதிப்புரிமையைத் தயாரிப்பாளரிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டார். நாடா அசல்தான், உறையும் அசல்தான், ஆனால் அந்த உறையை இந்த நாட்டில் தயாரித்திருந்தால் இங்குள்ள பதிப்புரிமையை மீறியிருக்கும் என்ற அடிப்படையில் வேறு வழி இறக்குமதி நிறுத்தப்பட்டது. பதிப்புரிமைச் சட்டம் 23(2)-க்குள் இது வரும். ‘தெரிந்தே’ என்ற நிபந்தனை அங்கே உண்டு. நோட்டீஸ் கைக்கு வந்த தேதியிலிருந்து தெரியாது என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஏஜென்ட்கள் முதலில் கடிதம் அனுப்புகிறார்கள்.

பதிலில் மூன்றைக் கேளுங்கள்: டிரேட்மார்க் பதிவு எண், பதிப்புரிமை கோரினால் கையெழுத்திட்ட அசைன்மென்ட் பத்திரத்தின் பிரதி, எந்த ஓவியம் என்ற விவரம். வெறும் ஏஜென்சி ஒப்பந்தம் அவருக்கும் சென்னைக் கம்பெனிக்கும் இடையிலானது, உங்களைக் கட்டாது. பத்திரம் காட்டினால் இருக்கும் சரக்கோடு நிறுத்திப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அந்த வழக்கை ஜெயிப்பது கடினம். அவர்கள் எழுதி அனுப்பும் உறுதிமொழியில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். அதில் பழைய விற்பனைக்கெல்லாம் நஷ்டஈடும் வக்கீல் செலவும் ஒப்புக்கொள்ளும் வரிகள் இருக்கும்.

பத்திரம் இல்லை, விற்பனை தொடர்கிறது என்றாலும் ஒரு கடமை உண்டு. 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 25(2) பிரிவு: குறியின் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் இறக்குமதியான சரக்கு என்பதைக் கண்ணில் படும்படி அறிவிக்க வேண்டும். சரக்கின் மேலேயே ஒரு சீட்டு ஒட்டுங்கள், பில்லிலும் போடுங்கள். துபாய் இன்வாய்ஸ், சுங்கப் பத்திரம், பேட்ச் எண்கள் மூன்றையும் கடையிலேயே வையுங்கள். போலிச் சரக்குச் சட்டத்தின் கீழ் சோதனைக்கு வந்தால் அசல் என்று அந்த இடத்திலேயே காட்ட அவைதான் உதவும்.

––––––––––

கோப்புக்காரர்

வட்ட ஆர் பற்றி முதலில், ஏனென்றால் அது குற்றமாகும். பதிவாகாத குறியைப் பதிவானதாகக் காட்டுவது 62-ஆம் பிரிவில் தண்டனைக்குரியது. சான்றிதழ் கைக்கு வரும்வரை, பதிவைக் குறிக்காத டிஎம் மட்டும் போடுங்கள். பத்தாயிரம் பாக்கெட் முன்கூட்டியே அச்சடிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள். ஊறுகாய்க்குப் பதிவு வந்து ஊதுபத்திக்கு வராமல் இருந்தால் ஊதுபத்தி உறையில் ஆர் கூடாது.

சித்தப்பா மகன் விஷயத்தில் இரண்டு வழி. ஒன்று, ‘நீ இங்கே, நான் அங்கே’ என்று சேர்ந்து வாழும் ஒப்பந்தம். தனித்தனிக் கடையாக இருந்தவரை அது ஓடும். சூப்பர்மார்க்கெட் அலமாரிக்குப் போன பிறகு ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் என்ற எல்லைக்குப் பொருள் இல்லை. ஒரே பெயரில் இரண்டு தரம் சந்தையில் இருந்தால் குறி யாரையும் சுட்டாமல் போய்விடும். ஆகவே நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்: குறியை ஒரே கம்பெனி வைத்துக்கொண்டு அவருக்கு எழுத்தில் லைசென்ஸ் கொடுப்பது. லைசென்ஸ்படி அவர் பயன்படுத்துவது 38-ஆம் பிரிவில் உரிமையாளர் பயன்படுத்தியதாகவே கணக்காகும். பதிவேட்டில் அவர் பெயரைச் சேர்ப்பது கட்டாயமில்லை.

லைசென்ஸில் வர வேண்டியவை: எந்தப் பொருள்கள், எந்த லேபிள் வடிவம், தரக்கட்டுப்பாடு (மிளகாய் ரகம், அரைப்பு, ஈரம், நீங்கள் மாதிரி எடுத்துச் சோதிக்கும் உரிமை), கட்டணம் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், அவர் தனியாகக் குறியையோ அதே பெயரில் கம்பெனியையோ .co.za டொமைனையோ பதியமாட்டார், அவருக்குப் பின் லைசென்ஸ் யாருக்குப் போகும், கடையை விற்றால் என்ன ஆகும். கடைசி இரண்டையும் எழுதாமல் விட்ட குடும்பங்கள்தான் அடுத்த தலைமுறையில் நீதிமன்றத்தில் நிற்கின்றன. அவருக்கும் ஒரு பாதுகாப்பு கொடுங்கள், காரணமின்றி ரத்து செய்ய முடியாது என்று. அவர் தனி வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். பின்னால் ஏமாற்றி வாங்கியதாகப் பேச்சு வராது.

உங்கள் அப்பா அவருக்கு முன்பே தொடங்கியவர் என்றால், முந்திய பயனாளரைக் காக்கும் 36-ஆம் பிரிவு அவருக்கு உதவாது. ஆனாலும் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்போது தடுப்பது எளிதல்ல. பேசித் தீர்ப்பதே சரி.

பயன்படுத்தாத பொருளுக்குப் பதியாதீர்கள். சான்றிதழ் தேதிக்குப் பிறகு 5 வருடம் உபயோகம் இல்லாவிட்டால் 27-ஆம் பிரிவில் இதில் நலன் உள்ள எவரும் நீக்கக் கேட்கலாம். 2018-இல் பிரைமார்க் போன்ற பெரிய ஐரோப்பியக் கடைக்கே இங்கே உபயோகம் இல்லாததால், உள்ளூர் துணிக்கடைத் தொடரான டிரூவொர்த்ஸ் தொடுத்த வழக்கில் பதிவு போனது, பிரபலக் குறி என்ற வாதமும் எடுபடவில்லை. 1996-இல் மெக்டொனால்ட்ஸ் தப்பியது, பிரபலக் குறிகளைக் காக்கும் 35-ஆம் பிரிவை வைத்துத்தான். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பிரிவு கிடைக்காது.

––––––––––

பாய்மரம்
போர்ட் லூயி, மொரீஷியஸ்

தம்பி, நாலாவது கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. தென்னாப்பிரிக்கப் பதிவு எல்லையோடு நின்றுவிடும். லெசோத்தோ, எஸ்வாட்டினிக்குக்கூடச் செல்லாது.

மேட்ரிட் முறையில் ஒரே விண்ணப்பம் போட்டுப் பல நாடு பிடிக்கலாம் என்று படித்திருப்பீர்கள். மொரீஷியஸ் 2023 மே 6 முதல் அதில் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா இல்லை. உங்கள் கம்பெனிக்கு ஓர் உறுப்பு நாட்டில் உண்மையான தொழிலகம் இல்லாவிட்டால் அந்த வாசல் திறக்காது. ஆகவே இங்கே நேரடி விண்ணப்பம், 2019-ஆம் ஆண்டின் தொழிற்சொத்துச் சட்டத்தின் கீழ், உள்ளூர் ஏஜென்ட் வழியாக.

ரீயூனியன் பிரான்ஸின் பகுதி. பிரெஞ்சுத் தேசியக் குறி போதும்: பிரான்ஸின் அறிவுச்சொத்து அலுவலகமான ஐஎன்பிஐ-யில் ஒரு வகுப்புக்கு 190 யூரோ, கூடுதல் வகுப்புக்கு 40. ஐரோப்பிய ஒன்றியக் குறியும் ரீயூனியனுக்குச் செல்லும், ஆனால் முதல் வகுப்புக்கே 850 யூரோ. ஒரு தீவுக்கு மட்டும் அனுப்புபவர் அதை எடுக்க வேண்டியதில்லை. அதோடு, ஒன்றியக் குறியை எந்த உறுப்பு நாட்டிலுள்ள பழைய குறியாளரும் எதிர்க்கலாம். நீங்கள் வெளியாள் என்பதால் இரண்டிலுமே அங்குள்ள பிரதிநிதி வேண்டும். பாக்கெட்டில் பொருள்பட்டியல் பிரெஞ்சில் இருக்க வேண்டும், லேபிள் வரையும்போதே இடம் விடுங்கள்.

தேதிதான் முக்கியம். தென்னாப்பிரிக்காவில் முதலில் தாக்கல் செய்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் இங்கும் பிரான்ஸிலும் போட்டால், பாரிஸ் உடன்படிக்கையின்படி அந்த முதல் தேதியே இங்கும் கணக்காகும். நடுவில் வேறு யாராவது போட்டிருந்தாலும் நீங்கள் முந்தியவர். டர்பன் தாக்கல் தேதியை முடிவு செய்யும்போதே ஏற்றுமதிக்குப் பணம் எப்போது வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்குள்ள இறக்குமதியாளர் ‘நானே என் பெயரில் பதிந்து தருகிறேன், உங்களுக்குச் செலவு மிச்சம்’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உறவு முறிந்த நாளில் உங்கள் சரக்கை உங்களாலேயே இங்கே இறக்க முடியாமல் போகும். விநியோக ஒப்பந்தத்தில், குறி, டொமைன், சமூக ஊடகப் பக்கம் எல்லாம் டர்பன் கம்பெனிக்கே, ஒப்பந்தம் முடிந்தால் 30 நாளில் திருப்பித் தர வேண்டும் என்று எழுதுங்கள்.

––––––––––

மிளகாய்வண்டி

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு விஷயம்: சூப்பர்மார்க்கெட் இரண்டு வருடம் காத்திருக்காதே. படிவத்தில் என்ன எழுதுவது?

––––––––––

கோப்புக்காரர்

விண்ணப்ப எண்ணை எழுதி ‘நிலுவையில்’ என்று குறிப்பிட்டு, தாக்கல் ரசீதை இணையுங்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அவர்கள் ஒப்பந்தத்தில் ‘சப்ளையரின் குறி யாருடைய உரிமையையும் மீறவில்லை, மீறினால் எல்லா நஷ்டத்தையும் சப்ளையர் ஏற்கிறார்’ என்ற உத்தரவாதம் இருக்கும். அதை ‘எங்களுக்குத் தெரிந்தவரை’ என்று மாற்றக் கேளுங்கள், பொறுப்புக்கு ஒரு தொகை வரம்பும் கேளுங்கள். தேடல் அறிக்கையை அச்செடுத்துத் தேதியோடு வைத்திருந்தால் அப்படிக் கேட்க உங்களுக்கு முகம் இருக்கும்.

பார்கோடு எண் தரும் ஜிஎஸ்1 அமைப்பில் அதை எந்தக் கம்பெனி பெயரில் எடுத்தீர்கள் என்றும் பாருங்கள். குறி வைத்திருக்கும் கம்பெனியும், பார்கோடும், பாக்கெட்டின் பின்புறம் அச்சான பெயரும் முகவரியும் மூன்றும் வேறுவேறாக இருந்தால் அவர்கள் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பிவிடும். இந்த வாரம் மாஸ்டர் அலுவலகத்தில் எஸ்டேட் கோப்புக்கு எழுதிப் போடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.